நாணயத்தில் நாணயம்

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, கையில் புரளும் காசு. மற்றொன்று, சொன்ன சொல் காக்கும் பண்பு. பின்னது இல்லையேல் முன்னது செல்லாக்காசு! இதற்குச் சான்று சிங்கப்பூரின் வரலாறு.

1867 வரை அங்கே ஆட்சியாளரின் பணம் இந்திய ரூபாய். கல்கத்தாவிலிருந்து ஆண்ட வெள்ளையரின் ஏற்பாடு அது. அங்காடியில் புழங்கியதோ மெக்சிகோ நாட்டு வெள்ளிக் காசு! 1867-இல் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்ததும் ரூபாய் விடைபெற்றது, வெள்ளி நிலைத்தது. இன்றும் அங்குள்ள தமிழர் டாலரை வெள்ளி என்றே அழைக்கின்றனர்.

பின்னாளில் மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக், புருணை அனைத்துக்கும் ஒரே பணம் வழங்கிற்று. 1965-இல் மலேசியாவினின்று சிங்கப்பூர் பிரிந்தது. பிரிந்த பின்னும் பணத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ளப் பேசினர். 1966-இல் பேச்சு முறிந்தது. பொதுப்பணம் வேண்டாம் என்றா? இல்லை! அதன் பின்னே நிற்கும் சேமிப்பு யார் பிடியில் இருப்பது என்பதே வழக்கு.

1967 ஜூன் 12-இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனிப் பணம் வெளியிட்டன. ஆயினும் ஒன்றுக்கு ஒன்று சரிமதிப்பில் மாற்றிக்கொள்ள உடன்பாடு கண்டன.

அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. புதுப்பணம் தப்பியது, பவுனோடு பிணைக்கப்பட்டிருந்த பழைய பணம் வீழ்ந்தது. பழைய ஒரு வெள்ளி, புதுப்பணத்தில் 85 காசு! பெட்டியில் பழைய தாளைப் பூட்டி வைத்திருந்த ஏழை என்ன பிழை செய்தான்? பினாங்கில் கடையடைப்பு நடந்தது. அது கலவரமாகி உயிர்களையும் குடித்தது. முடிவெடுத்தது இலண்டன், குருதி சிந்தியது பினாங்கு!

1973-இல் மலேசியா உடன்பாட்டை விட்டு விலகிக்கொண்டது. சிங்கப்பூரும் புருணையும் இன்றும் தொடர்கின்றன. இரண்டும் சிறு நாடுகள். உண்ணும் அரிசிக்கும் கடல் வழியை நோக்கி நிற்பவை. பணத்தின் மதிப்புச் சரிந்தால் அன்றே அடுப்படியில் அது தெரியும். ஆகவே நிலையான பணம் இரண்டுக்கும் தேவை. புருணையின் தாளைச் சிங்கப்பூர் வங்கி முழு மதிப்புக்கு ஏற்கிறது. சிங்கப்பூரின் தாளுக்குப் புருணையிலும் அதே மதிப்பு.

அரை நூற்றாண்டைக் கடந்து இந்த உறவு நிலைப்பது ஏன்? தன் தாளுக்குத் தானே பொறுப்பு. விலக விரும்பினால் கதவு திறந்தே இருக்கிறது. சிறியவன் என்பதால் மதிப்பில் ஒரு காசும் குறைவதில்லை.

தோழர்களே! ஒன்றாயிருப்போம் என்று எவர் அழைத்தாலும் மகிழ்வோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் கைகோக்க வேண்டா: பெட்டி பொது என்கிறீர், சாவி யாரிடம்?