எடையிலே பிறந்த வீரம்

பிறந்த நாள்முதல் ஒரே பொருளைத் தாங்கி நிற்கும் சொல் உண்டென எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கட்கு டச்சு மொழியின் 'டப்பர்' என்னும் சொல்லைக் காட்டுவோம்.

டப்பர் என்றால் துணிவுடையவன். 'டப்பர்ஹெய்ட்' என்றால் துணிவு. இதே பொருளில் 'மூட்' என்றொரு சொல்லும் ஆலந்து மக்களிடம் உண்டு. மனநிலையைக் குறிக்க ஆங்கிலத்தார் வழங்கும் 'மூட்' அதன் உடன்பிறப்பே. அது மனத்திலே பிறந்த சொல். டப்பரோ எடையிலே பிறந்தது!

ஆம், பழைய செர்மன் மொழியிலே அதன் இனச்சொல்லுக்குப் பொருள் பளு, கனம். கனமானது அசையாது, அசையாதவன் அஞ்சான், அஞ்சாதவன் வீரன். இப்படித்தான் பளுவைக் குறித்த சொல் வீரத்தைக் குறிக்கலாயிற்று. இன்றைய செர்மானியர் 'டாப்ஃபர்' என்று வீரனைத்தான் அழைக்கின்றனர். வடபுலத்து நார்சு மொழியிலோ அந்தக் கனம் நெஞ்சில் இறங்கித் துயரமாயிற்று. ஐசுலாந்தில் இன்றும் அச்சொல்லுக்கு வாட்டமுற்றவன் என்றே பொருள். சிலாவிய மொழிகளிலோ, அதன் உறவுச்சொல் பருமனைக் குறித்தது.

15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தார் இதனைக் கடன் கொண்டனர். கொண்டு என்ன செய்தனர்? மடிப்புக் கலையாத உடையில் மிடுக்காகத் திரியும் சிறுமேனியானுக்குச் சூட்டினர்! பளுவும் போயிற்று, வீரமும் போயிற்று. சட்டை மட்டுமே மிஞ்சிற்று.

சொல் பிறந்த பொருளை மண் மறந்ததா? 1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் நாசிகள் நானூறுக்கு மேற்பட்ட யூத இளைஞரை வளைத்துப் பிடித்துச் சென்றனர். மாளிகையார் எவரும் முதலில் வாய் திறக்கவில்லை. தெருவுக்குக் கல் பாவும் தொழிலாளி வில்லெம் கிரானும், நகரத் துப்புரவுத் தொழிலாளி பீட் நாக்கும் 24ஆம் நாள் மாலை சந்தைத் திடலிலே தோழர்களைக் கூட்டினர். மறுநாள் டிராம் ஓடவில்லை, துறைமுகம் அசையவில்லை. துப்பாக்கி பேசிற்று, ஒன்பதின்மர் மாண்டனர், 27ஆம் நாளுக்குள் வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது. கிரானை 1942 நவம்பரில் சுட்டுக் கொன்றனர்.

அந்நகரத்துச் சதுக்கமொன்றில் 1952இல் அவர்கள் நினைவாகச் சிலை எழுந்தது. வாளேந்திய தளபதியன்று, குதிரையேறிய மன்னனுமன்று. துறைமுகத் தொழிலாளி ஒருவன். சட்டைக்கை சுருட்டியிருக்கிறது, கைகளில் ஒன்றுமில்லை. தடித்த உடலைத் தரையில் ஊன்றி நிற்கிறான்.