ஊரையே பாடமாக்கிய பேராசிரியர்

கினிகத்தேனையைக் கடந்து அட்டன் நோக்கி ஏறும் வீதியின் இருமருங்கிலும் பரந்துள்ள தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்பியவை தென்னிந்தியக் கிராமங்கள். அத்தகைய கிராமங்களையே பாடநூலாகக் கொண்டு பொருளியல் போதித்தவர் கில்பர்ட் சிலேற்றர்.

இங்கிலாந்தின் பொது வயல்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை 1907இல் நூலாக்கிய இவர், ஒக்ஸ்போர்ட் நகரின் ரஸ்கின் கல்லூரி அதிபராக விளங்கி, 1915இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதலாவது இந்தியப் பொருளியற் பேராசிரியரானார். மேனாட்டு நூற்கொள்கைகளோடு அவர் போதனை நின்றுவிடவில்லை. வினாக்கொத்தைக் கொடுத்து, மாணவரைத் தத்தம் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எத்துணை என்றெல்லாம் அவர்கள் விசாரித்து வந்தனர். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களின் கணக்குகள் 1918இல் நூலாயின. பி. ஜே. தோமஸ் முதலானோர் 1936-37இல் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர்.

கிராமத்துக் கடன் கடலைக் கடந்தும் தொழிலாளியைத் தொடர்ந்தது. மலைநாட்டில் அது 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அக்கடன் தீராமல் அவன் வேறு தோட்டத்திற் சேர இயலாதிருந்தது. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

அம்மாணவர் கேட்ட வினாக்கள் லயத்து வாசலிலும் கேட்கப்பட வேண்டியவை. தன் ஊர்க் கணக்கைத் தானே எடுக்கக் கற்றவனை ஏமாற்றுதல் எளிதன்று.