கண்ணை அச்சிடவும் ஒரு கண் வேண்டும்



"கண்ணையே பிரின்ட் பண்றாங்களாம். இனி கண்தானம் எதுக்கு?" களனியில் நம்மவர்கள் நடுவே இப்போது இந்தப் பேச்சு அடிபடுகிறது. செய்தி உண்மைதான். அதன் வரலாற்றையும் ஒருமுறை பார்ப்போம்.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. கோர்னியா என்பார்கள். தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். அது வெளுத்துவிட்டால் பார்வை போய்விடும். மௌத்தான ஒருவரின் படலத்தைப் பொருத்தினால் பார்வை திரும்பலாம்.

1958இல் மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா, கண்தானம் செய்யும்படி சிங்களப் பத்திரிகையில் எழுதினார். 1960இல் தாயார் இறந்தபோது அவருடைய கண்களையே கொடுத்தார். 1961இல் இலங்கை கண்தான சங்கம் பிறந்தது. தொடக்கத்தில் கண்களை வைத்தது அவர் வீட்டு பிரிட்ஜில். 1964இல் முதல் கண்கள் சிங்கப்பூர் போயின. பாகிஸ்தானுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் போயிருக்கின்றன. அங்கே பார்வை பெற்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இங்கே கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் அயல்வீட்டுப் பௌத்தர்கள்.

இனி பிரின்டருக்கு வருவோம். 2018இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பத்து நிமிடத்துக்குள் ஒரு கோர்னியாவை அச்சிட்டார்கள். 2022இல் ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் நிறுவனமும், ஐ.ஐ.டி.யும், சி.சி.எம்.பி. ஆய்வுகூடமும் சேர்ந்து ஒன்றை அச்சிட்டு முயலின் கண்ணில் பொருத்தின.

அந்த 'மை' எதில் செய்தது? ஹைதராபாத்தில், மனிதர் தானம் செய்த கோர்னியாவின் திசுவும் மனிதக் கண்ணிலிருந்து எடுத்த ஸ்டெம் கலங்களும்தான். நியூகாசிலிலும் கலங்கள் தானமாக வந்த கோர்னியாவில் இருந்தே எடுக்கப்பட்டன. யாரோ கொடுத்ததால்தான் அச்சிட முடிந்தது.

1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, மரணித்தவரின் முன் அனுமதியோ வாரிசுகளின் சம்மதமோ இருந்தால், நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. மாற்றுக் கருத்துள்ள உலமாக்களும் உண்டு. அதனால் நாம் நம்பும் ஆலிமிடம் கேட்போம். ஜனாஸா வீட்டில் அழுதுகொண்டிருக்கும்போது அல்ல, இப்போதே, குடும்பமாக உட்கார்ந்து பேசுவோம்.

வாங்கும்போது நாம் யாருடைய கண் என்று கேட்பதில்லை. கொடுப்பதைப் பற்றிப் பேசக்கூடத் தயங்குகிறோமே, ஏன்?

அல்லாஹ் நமக்கு நல்ல விளக்கத்தைத் தருவானாக. ஆமீன்.