ஒரு பாட்டில் சாயநீரின் பயணம்

திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றி, அலசி வெளியே விட்ட தண்ணீர் அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிக்கு வரும்போது சாயம், சோப்பு, உப்பு என எல்லாம் அதில் கலந்திருக்கும். நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியது இந்தத் தண்ணீர்தான். கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத முறையை நிறைவேற்றாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இதனால்தான்.

சோதனைக்காக அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்த கையோடு கந்தக அமிலம் விட்டு, பிஎச் அளவை 2-க்குக் கீழே இறக்கி, ஐஸ் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் வழியிலேயே நுண்ணுயிரிகள் கழிவைத் தின்றுவிடும். அப்புறம் ஆய்வகத்தில் வரும் எண்ணை நம்ப முடியாது.

கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும்? அதுதான் சிஓடி. கழிவைத் தின்ன நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜனை அளக்கும் பிஓடி சோதனைக்கு 27 டிகிரியில் 3 நாள் காத்திருக்க வேண்டும். சிஓடிக்கு ஒரு பொழுது போதும்.

நீர்த்த சாம்பிளில் 20 மில்லி குடுவைக்குள் போகிறது. முதலில் மெர்குரிக் சல்ஃபேட் 0.4 கிராம். சாயநீரில் உப்பு அதிகம். அதன் குளோரைடைப் பாதரசம் கட்டிப்போடாவிட்டால், அதுவும் கழிவாகவே கணக்கில் ஏறிவிடும். பிறகு ஆரஞ்சு நிற டைகுரோமேட் 10 மில்லி. கடைசியாக, சில்வர் சல்ஃபேட் கலந்த அடர் கந்தக அமிலம் 30 மில்லி, குடுவையைக் குளிரவைத்தபடியே மெல்ல மெல்ல. இந்த இடத்தில் அவசரப்படுபவரை நான் ஆய்வகத்துக்குள்ளேயே விடமாட்டேன். கரைசல் உடனே பச்சையானால் டைகுரோமேட் தீர்ந்துவிட்டது என்று பொருள். சாம்பிளை இன்னும் நீர்க்கவைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சுமார் 150 டிகிரியில் 2 மணி நேரம் கொதித்து ஆறியதும், நிறங்காட்டியாக இரண்டு மூன்று சொட்டு ஃபெரோயின். பியூரெட்டிலிருந்து ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் இறங்க இறங்க மஞ்சள் பச்சையாகி, நீலப்பச்சையாகி, ஒரே சொட்டில் செம்பழுப்புக்குத் தாவும். சாம்பிளுக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்துச் செய்த பிளாங்க்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து சிஓடி கிடைக்கிறது. ஆற்றில் விடும் கழிவுநீருக்கு வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம்.

எண்ணை நோட்டில் எழுதியதோடு பலருக்கும் வேலை முடிந்துவிடுகிறது. தண்ணீரின் பயணம் முடியவில்லை. அந்த ஒரு குடுவையில் இப்போது குரோமியமும் வெள்ளியும் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பாதரசமும் இருக்கின்றன. கழிவுநீரில் பாதரசத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்தக் கணக்கில், 27,000 லிட்டர் தண்ணீரை வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்த இந்த ஒரு குடுவையே போதும். சோதனைக்கு வந்த சாயநீரை விடக் கொடியது, சோதனை முடிந்து மிஞ்சிய இது.

கல்லூரி ஆய்வக ஆசிரியர்களையும் சுத்திகரிப்பு நிலைய வேதியியலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: இதைத் தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள தனிக் கேனில் சேர்த்து, மேலே எழுதி ஒட்டி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். முடிந்தால் சிறிய மூடிய குழாயில் கொதிக்கவைக்கும் முறைக்கு மாறுங்கள். அதில் பாதரசம் எட்டில் ஒரு பங்குதான் செலவாகும்.