சேற்றில் ஒரு சில்லு, கரையில் ஒரு சில்லு

1995ஆம் ஆண்டு சனவரி மாதம். அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்திருந்த சில நாட்கள். செய்தி சேகரிப்பதற்காக மூதூருக்குத் தெற்கே சென்ற நான், திரும்பும் வழியில் ஒரு வாடகைப் பிக்கப்பில் இடம் பிடித்துக்கொண்டேன். பின்தட்டில் பாய் விரித்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். வலி கண்டுவிட்டது. அவளுடைய தாயார் குடை பிடித்தபடி அருகில் அமர்ந்திருந்தார்.

அந்நாளில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான கரையோர வீதியில் பாலங்களை விடப் பாதைகளே அதிகம். பாதை என்று எங்கள் பகுதியில் சொல்வது ஆற்றைக் கடக்க உதவும் மிதவையை. வெளிநாட்டில் வளர்ந்த இளைய வாசகர்களுக்காக இதனைச் சொல்கிறேன். அத்தகைய ஒரு துறையின் இறக்கத்தில் எமது பிக்கப் சிக்கிக்கொண்டது. இடப்பக்கப் பின்சில்லு சேற்றில் புதைந்து வெறுமனே சுழன்றது. வலப்பக்கச் சில்லோ காய்ந்த கல்லின்மேல் அசையாது நின்றது. சாரதி எவ்வளவு மிதித்தாலும் சேறு வாரியடித்ததே தவிர வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை.

இந்தக் காட்சியைக் காணாத சாரதி எவருமில்லை. ஆனால் அது ஏன் நிகழ்கிறது என்பதை அறிந்தவர்கள் குறைவு. நானும் அன்று அறிந்திருக்கவில்லை.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் இரு சில்லுகளும் அச்சின்மேல் தனித்தனியே சுழல்பவை. இழுப்பது மாடு, சில்லு அல்ல. சில்லே வண்டியைத் தள்ளவேண்டும் என்ற நிலை நீராவி வண்டியுடன் வந்தது. வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லு அதிக தூரமும் உட்சில்லு குறைந்த தூரமும் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஒன்று தேய்ந்து இழுபடும். இதற்கு விடை கண்டவர் ஒனேசிபோர் பெக்கர் என்ற பிரெஞ்சு மணிக்கூட்டுத் தொழிலாளர். நீராவி வண்டி ஒன்றுக்காக 1827இல் அவர் காப்புரிமை பெற்ற பற்சக்கர அமைப்பே இன்று நாம் டிஃபரன்ஷல் என்று அழைப்பது. மணிக்கூட்டுப் பற்சக்கரங்களோடு பழகிய கையிலிருந்து அது பிறந்ததில் எனக்கு வியப்பில்லை.

அந்த அமைப்பின் நற்குணமே அதன் தீக்குணமும் ஆயிற்று. வழுக்கும் சில்லுக்கே இயந்திரத்தின் முழுவலுவும் போய்விடுகிறது என்று பலர் சொல்வர். அது சரியான விளக்கமன்று. டிஃபரன்ஷல் இரு சில்லுகளுக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையையே கொடுக்கிறது. சேற்றிலுள்ள சில்லு எதிர்ப்பே காட்டாதபோது அதைச் சுழற்றச் சொற்ப விசை போதும். கல்லின்மேல் நிற்கும் சில்லுக்கும் அதே சொற்பமே கிடைக்கிறது. வண்டி நகராததற்கு அதுவே காரணம்.

நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டியாயின் இச்சிக்கல் இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. சாதாரண ஜீப்பில் முன் அச்சும் பின் அச்சும்தான் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. ஒவ்வோர் அச்சிலும் இடமும் வலமும் முன்போலவே பிரிந்து நிற்கின்றன. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினால் போதும், வண்டி நின்றுவிடும்.

இதற்குரிய மருந்து எமது மாவட்டத்து வயல்களுக்கு வீதிகளுக்கு முன்பே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. கந்தளாய், அல்லை நிலங்களை உழுத மெசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தில் சாரதியின் வலது கால் அருகே ஒரு சிறு மிதி உண்டு. அதை அழுத்தினால் டிஃபரன்ஷல் பூட்டிக்கொள்ளும். இரு சில்லுகளும் ஒரே தண்டில் இறுக்கியவை போல் சேர்ந்து சுழலும். காலை எடுத்து விசை தளர்ந்ததும் விடுபடும். லேண்ட்மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இருசில்லு இயந்திரத்தின் கதை வேறு. அதில் பொதுவாக டிஃபரன்ஷலே கிடையாது. திரும்பவேண்டிய பக்கத்துக் கைப்பிடியை அழுத்தி அந்தச் சில்லின் இணைப்பைத் துண்டிப்பார்கள்.

ஆனால் உழவு இயந்திரம் வீதியில் விரைவதற்கு உரியதல்ல. பிக்கப் விரையவேண்டும். 1968இல் ஜப்பானில் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸும் அதன் உறவுகளும் 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் எமது வீதிகளில் பெருகின. டீசல் இயந்திரம், இலைவில், திடமான பின் அச்சு, எதையும் தாங்கின. பூட்டு மட்டும் பெரும்பாலானவற்றில் இல்லை.

அன்று துறையில் எம்மைக் காப்பாற்றியது சாரதியின் கைத்தந்திரம். அறுபதைக் கடந்த மனிதர். முன்னொரு காலத்தில் உழவு இயந்திரம் ஓட்டியவர். சேற்றில் ஓலையும் பலகையும் இடச்சொன்னார். பின்பு கைப்பிரேக்கைப் பாதியளவு இழுத்துப் பிடித்தபடி மெதுவாக மிதித்தார். பிரேக்கின் பிடியில் வழுக்கும் சில்லுக்கு எதிர்ப்பு உண்டாயிற்று. அந்த எதிர்ப்பை வெல்ல இயந்திரம் கொடுத்த விசை மறுசில்லுக்கும் சம அளவில் சென்றது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் போராட்டத்தின் பின் வண்டி மேலேறியது. தாயும் பிள்ளையும் நலமென்று இரு நாட்களின் பின் அறிந்தேன்.

அந்த வீதி இன்று வேறு. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20இல் திறக்கப்பட்டது. தெற்கேயுள்ள துறைகளுக்கும் பின்னர் பாலங்கள் வந்தன. எல்லாம் தீர்ந்துவிடவில்லை, 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறார்கள் மாண்டதை எழுதும்போது என் கை நடுங்கியது.

இவையெல்லாம் அண்மையில் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மீன் வியாபாரி. குச்சவெளிக்கு அப்பால் உள்ள வாடிகளிலிருந்து நகருக்கு ஒவ்வொரு நாளும் மீன் ஏற்றுகிறார். ஏறத்தாழ 35 கிலோமீற்றரும் தார் வீதி; கடைசி இருநூறு மீற்றர் மட்டும் கடற்கரை மணல். அந்த இருநூறில் சிக்கினால் ஐஸ் கரையும், மீன் விலை சரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஹைலக்ஸைப் பேணுவதன்றி அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

டிஃபரன்ஷலின் உட்பற்சக்கரங்களை வெல்டிங் அடித்து இறுக்கிவிடுவது மலிவான வழி. அவரது நண்பரொருவர் அதைத்தான் செய்தார். மணலில் வண்டி யானைபோல் ஏறியது. ஆனால் தார் வீதியில் ஒவ்வொரு வளைவிலும் டயர் அலறியது. ஒரு மழைநாளில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே சென்று வேலியில் முட்டி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. நாளாந்தம் ஓட்டும் வண்டிக்கு அந்த வழி கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவுஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் 1980களிலிருந்து விற்றுவரும், காற்றழுத்தத்தால் இயங்கும் பூட்டு மிகச் சிறந்தது. 2022க்குப் பிந்திய ரூபாய் மதிப்பில் அது அவர் கைக்கு எட்டவில்லை.

"நானா, கொழும்பிலே பஞ்சிகாவத்தையில தேடுங்க. கொம்பனி லொக்கோட வந்த பழைய பின்அச்சு கிடைக்கும்" என்றார் மெக்கானிக். கிடைத்தது. ஆனால் அதன் பல் விகிதம் முன் அச்சின் விகிதத்தோடு பொருந்தவில்லை. நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் இரண்டும் ஒன்றாயிருக்க வேண்டும். அல்லாவிடின் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து உடைத்துக்கொள்ளும். அதைத் திருப்பியனுப்பி, மூன்று வாரம் காத்திருந்து இன்னொன்றைப் பெற்றார். இம்முறை மெக்கானிக் சில்லை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நீள்தண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ணிப்பார்த்த பின்னரே பழையதைக் கழற்றினார்.

பூட்டிய முதல்நாள் என்னையும் அழைத்துச் சென்றார். மணலின் விளிம்பில் வண்டியை நிறுத்தி விசையைத் திருகினார். முகப்பிலுள்ள சிறுவிளக்கு சில கணம் சிமிட்டிப் பின் நிலையாக எரிந்தது. வண்டி முனகலேதும் இன்றி வாடி வரை ஊர்ந்தது. ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பித் தார் வீதியில் ஏறி முதல் வளைவில் திரும்பியபோது பின்டயர் கீச்சிட்டது.

"ஐயா, விளக்கை அணைக்க மறந்திட்டன்" என்று சிரித்தபடி வண்டியை ஓரங்கட்டினார்.