இசைக்குழுவுக்காகக் காத்திருந்த பெண்: அன்ரோனியா பிறிக்கோ

கல்லூரி மண்டபத்தில் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று எமது பாட்டுக்குழுவை நடத்திய ஆசிரியையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு பெண் கையை உயர்த்தியதும் எல்லோரும் மூச்சை இழுத்துப் பாடத் தயாராவது எமக்கு ஒருநாளும் அதிசயமாகத் தோன்றியதில்லை. ஆனால் பெரும் நகரங்களின் சிம்பொனி இசைக்குழுக்களுக்கு முன்னால் ஒரு பெண் நிற்பது சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் எவ்வளவு அரிது என்பதை, அன்ரோனியா பிறிக்கோவின் வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தோம்.

அவர் 1902 இல் ஒல்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் பிறந்தார். வளர்ப்புப் பெற்றோர் அவரைச் சிறு வயதில் கலிபோர்னியாவுக்கு அழைத்துச் சென்று, வில்ஹெல்மினா என்ற பெயரில் வளர்த்தனர். அந்த வீட்டில் அன்பு கிடைக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். நகம் கடிக்கும் பழக்கத்தை நிறுத்துவதற்கு வைத்தியர் ஒருவர் சொன்ன யோசனையால்தான் பியானோ பழகத் தொடங்கினாராம். அந்த வைத்தியருக்கு இசை உலகம் கடமைப்பட்டிருக்கிறது! பெர்க்லியில் 1923 இல் பட்டம் பெற்ற பின் ஜேர்மனிக்குச் சென்று கார்ல் முக் என்ற பெரும் நடத்துநரிடம் பயின்றார். பேர்லின் அரச இசைக் கல்லூரியின் நடத்துநர் வகுப்பில் 1929 இல் தேறினார். அங்கு அவ்வாறு தேறிய முதல் அமெரிக்கர் அவரே. மறுவருடம் பேர்லின் பில்ஹார்மொனிக் குழுவை நடத்தினார். அதே ஆண்டில் ஹொலிவூட் திறந்தவெளி அரங்கிலும் நடத்தினார். அப்போது வயது இருபத்தெட்டு.

இப்படித் தொடங்கிய ஓர் ஆணுக்கு அடுத்து ஒரு நிரந்தரப் பதவி கிடைத்திருக்கும். பிறிக்கோவுக்கு அது கிடைக்கவில்லை. 1933 இல் நியூயோர்க்கில், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த கலைஞர்களைக் கொண்டு அமைந்த குழுவை நடத்தினார். இரண்டு கச்சேரிகள் நடந்தன. மூன்றாவதற்கு ஒப்பந்தமான பிரபல பாடகர், பெண்ணொருவர் நடத்தினால் பாடமாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

1934 இல் அவர் பெண்களை மட்டும் கொண்ட இசைக்குழு ஒன்றை அமைத்தார். பித்தளை வாத்தியங்களும் பெரிய முரசும் பெண்களுக்கு ஆகாதவை என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில். எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையாரும் அதற்கு ஆதரவளித்தார். 1938 இல் நியூயோர்க் பில்ஹார்மொனிக் குழுவை நடத்திய முதல் பெண்ணும் பிறிக்கோவே. 1939 இல் ஆண்களையும் தமது குழுவில் சேர்த்துக்கொண்டார். கலை கலைதான், அதில் ஆணென்ன பெண்ணென்ன என்பது அவர் எண்ணம். ஆனால் பெண்கள் குழு என்ற புதுமை போனதும் ஆதரவாளர்களின் ஆர்வமும் குறைந்தது, குழு நீடிக்கவில்லை.

1942 இல் டென்வரில் குடியேறினார். அந்நகரின் சிம்பொனிப் பதவியை எதிர்பார்த்தார், அதுவும் கைகூடவில்லை. வீட்டில் பியானோ கற்பித்து, தொழில் இசைக்கலைஞர் அல்லாதவர்களின் குழுவொன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார். இடையில் சிபேலியஸின் அழைப்பில் பின்லாந்து சென்று ஹெல்சிங்கியில் நடத்தினார். அல்பேர்ட் சுவைட்சரைக் காண ஆபிரிக்காவுக்கும் சென்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வயலின்காரர் வேலையில்லாதபோதும் வீட்டில் வயலினை எடுத்து வாசிக்கலாம். நடத்துநருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய வாத்தியம் எழுபது எண்பது பேர். அவர்களை யாராவது கூட்டித் தந்தால்தான் பயிற்சியே. ஆண்டுக்கு நான்கைந்து கச்சேரி மட்டுமே கிடைப்பதாகவும், மாதம் ஐந்து நடத்தத் தம்மிடம் வலிமை உண்டு என்றும் பிறிக்கோ வருந்தியது இதனாலேயே.

அந்த வருத்தம் உலகுக்குத் தெரிந்தது அவருடைய முன்னாள் மாணவி ஒருவரால். நாட்டார் பாடகியாகப் புகழ்பெற்ற ஜூடி கொலின்ஸ், ஜில் கொட்மிலோவுடன் சேர்ந்து 1974 இல் தமது ஆசிரியை பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். படம் ஒஸ்கார் பரிந்துரை பெற்றது. மறுவருடமே நியூயோர்க்கின் மொசார்ட் விழாவுக்கு அழைப்பு, ஹொலிவூட் அரங்குக்கும் மீண்டும் அழைப்பு, இசைத்தட்டும் வெளியானது. ஒரு மாணவி ஆசிரியைக்குச் செய்த இந்தக் காரியத்தைப் படித்தபோது எம்மில் பலர் எமது ஆசிரியைகளை நினைத்துக்கொண்டோம்.

அழைப்புகள் வந்தபோது பிறிக்கோவுக்கு வயது எழுபத்துமூன்று. அதன் பின்னும் அவர் டென்வரிலேயே தமது குழுவோடு இருந்தார். 1989 இல் அந்நகரிலேயே காலமானார்.