எந்த நாட்டுக்குத் துரோகம்?

1942 ஏப்ரல் 9ஆம் நாட் காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றி எரிந்தது. அன்றே, மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில், ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. மறு ஆண்டு, ஒக்டோபர் இரவொன்றில், சென்னையிலும் குண்டு வீழ்ந்தது. அவ்விரவு விடியும்போது நிகழும் ஒரு கொலையோடு தொடங்குகிறது வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954). இப்படத்தைப்பற்றி மாணவரிடம் பேசும்போது நான் சீனன்குடாவிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

பாட்டும் கூத்துமில்லாத படம் என்பதற்காகவே இதனைப் புகழ்வோர் பலர். அது சிறிய பெருமையன்று, எனினும் புறப்பெருமையே. சிவாஜி கணேசன் நடித்த ராஜன் ஒரு வானொலிப் பொறியியலாளன். அவனைக் கொன்றது யார் என்பதை அயலவர், தம்பி, தம்பியின் மனைவி எனப் பலரும் தத்தம் கண்கொண்டு சொல்கின்றனர். குரோசாவாவின் ‘ரஷோமொன்’ (1950) கையாண்ட உத்தி இது. ஆனால், அங்கு உண்மை இறுதிவரை சிதறியே கிடக்கிறது. ஜாவர் சீதாராமன் எழுதிய இக்கதையிலோ உண்மை ஒன்றே. ராஜன் யப்பானியருக்கு இரகசியம் விற்றவன். அவன் உயிரைக் குடித்தது தேசபக்தையான மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி.

அவன் எந்த நாட்டுக்குத் துரோகம் செய்தான்? 1943இல் சென்னை வெள்ளையனின் ஆட்சியில் இருந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் சுபாஸ் சந்திர போசின் படையில் மலாயாத் தோட்டத் தமிழர் திரளாகச் சேர்ந்தனர். அப்படைக்குத் துணைநின்றதும் யப்பானே. மறுபுறம், அதே யப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதையில் தமிழ்த் தொழிலாளரைப் பல்லாயிரக்கணக்கிற் பலிகொண்டனர். இந்தச் சிக்கலை முழுதுஞ் சுமக்கப் படம் துணியவில்லை. சுதந்திர இந்தியாவின் தேசபக்தியை அடிமை இந்தியாவின் மேல் போர்த்துவிடுகிறது. படம் வெளிவந்தபோது நமது துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை நின்றதென்பதையும் மறத்தலாகாது; அது வெளியேறியது 1957இலேதான். ஆயினும், ஆராய்ச்சிக்கு ஆதரவு கிட்டாத அறிவாளி விலைபோவதைக் காட்டிய அளவில், குற்றத்தின் வேர் சமூகத்திலும் உண்டென்பதைப் பாலசந்தர் உணர்ந்திருந்தார் என்றே கொள்ளவேண்டும்.

பத்தாண்டு கழித்து வந்த ‘பொம்மை’யில் (1964) கொலைக்குக் காரணம் வணிகக் கூட்டாளியின் பேராசை. பொம்மைக்குள் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியும். அது கைமாறிச் செல்லும் மனிதருக்குத் தெரியாது. ‘அந்த நாள்’ நம் அறியாமையை வைத்துக் கதை நடத்தியது. இது நம் அறிவை வைத்தே நம்மை வதைக்கிறது. ஹிட்ச்காக்கின் ‘சபோட்டாஜ்’ (1936) படத்திற் சிறுவன் சுமந்த குண்டு நினைவுக்கு வராமற் போகாது. திறமையில் ‘பொம்மை’ குறைந்ததன்று. முதலாளியின் சூதுக்கு வழியிற் செல்வோர் பலியாகக்கூடும் என்ற எண்ணம் அதிலே கூர்மையாகவே உண்டு.

1970இல் வெளியான ‘நடு இரவில்’ இன்னும் சுருங்கிவிடுகிறது. அகதா கிறிஸ்டியின் புதினமொன்றைத் தழுவிய இதில், தனித்தீவு மாளிகையிலே செல்வர் ஒருவரின் உறவினர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். அச்சம் உண்டு, இருளும் ஒலியும் கைதேர்ந்தவை. ஆனால் கடலுக்கு அப்பால் உலகம் இருப்பதாகவே தோன்றவில்லை. என் மாணவரிற் பலருக்குப் பிடித்தது இதுவே. அவர்களோடு நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.